பெவனின் டேங்கில் நான் போட்ட கடிதம்

இருபத்திரண்டு வருடமாக ஹாலிகன் சாலையில் தபால் போடுகிறேன். திங்கள், புதன், வெள்ளி. புயல் வந்து பாலம் முழுகினால் மட்டும் லீவு. அதுவும் நான் கேட்டு வாங்கியதில்லை. இத்தனை வருடத்தில் நான் ஒரு கடிதத்தைத் தொலைத்தேன், வீடு மாற்றிப் போட்டேன் என்று எவனாவது சொல்லட்டும், அவன் வாசலிலேயே போய் நின்று நாலு கேள்வி கேட்பேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு நெரிடா கமில்லெரியாகிய நான் பொறுப்பில்லாதவள் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது.

எங்கள் சாலையில் கடையில் வாங்கிய லெட்டர் பெட்டி ஒன்றுகூடக் கிடையாது. அப்படி வாங்கி வைக்கிறவனை ஊரில் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள். சாம் மஸ்கட் வீட்டுக்குக் கெட்டுப்போன மைக்ரோவேவ் அடுப்பு. நான் கதவைத் திறந்து, தட்டில் கடிதத்தை வைத்து மூட வேண்டும். அடுத்த வீட்டில் படகு மோட்டாரின் மேல்மூடி. சாலைக் கடைசியில் ஒருவர் முழு ஃபிரிட்ஜையே நட்டு வைத்திருக்கிறார். பெவன் ட்ரெகேருக்குப் பழைய பால் கேன். பிப்ரவரிப் புயல் அந்த பால் கேனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. எந்தக் கரும்புக் காட்டில் கிடக்கிறதோ, இன்றுவரை தெரியாது.

"யோவ் பெவன், ஒரு பெட்டி வையி" என்று ஒரு மாதமாகக் கத்திக்கொண்டிருந்தேன். நிஜமாகவே கத்தத்தான் வேண்டும். சர்க்கரை ஆலையில் நாற்பது வருடம் வேலை பார்த்ததில் அவருக்குக் காது பாதிதான் மிச்சம். போனில் யார் பேசினாலும் அவருக்குக் கொசு ரீங்காரம்தான்.

"வெக்கிறேன் அம்மணி, வெக்கிறேன். இந்த டேங்க் வேலை ஒண்ணு முடிஞ்சிடட்டும்" என்பார். அவருக்கு வயது அறுபத்தேழு. மனைவி இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு பல் டாக்டரோடு டவுன்ஸ்வில் போய்விட்டாள். அதில் அவருக்குப் பெரிய கோபம் ஒன்றும் கிடையாது, பல் வலி வரும்போது மட்டும் கொஞ்சம் வரும்.

டேங்க் என்று அவர் சொன்னது அவருடைய மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டேங்க்கை. அந்த வண்டி ஐம்பத்தேழாம் வருடத்து இங்கிலீஷ் வண்டி. ஒரு பண்ணை ஏலத்தில் ஐந்து மரப்பெட்டிகளில் பாகம் பாகமாக வாங்கி வந்தார். ஐந்து பெட்டியையும் பிரித்துக் கொட்டினால் முக்கால் வண்டிதான் தேறியது. மீதிக் கால்வாசி ஸ்டான்தோர்ப்பிலிருந்து தபாலில் வந்தது. அங்கே ஐவி லாக்கெட் என்று ஒரு அம்மாள், இறந்துபோன புருஷனின் கொட்டகையில் குவிந்து கிடந்த இதே ரக வண்டிகளின் உதிரிபாகங்களைத் தபாலில் விற்றுக்கொண்டிருந்தார்.

முதல் பார்சலில் பில் மட்டும் வந்தது. இரண்டாவதில் பில்லின் பின்பக்கம் இரண்டு வரி. அதற்கப்புறம் ஒரு பக்கம், இரண்டு பக்கம், கடைசியில் உள்ளே இருக்கும் திருகாணியைவிடக் கடிதம் கனமாக வர ஆரம்பித்தது. எடை என் கைக்குத் தெரியும். மூன்று வருடம் இப்படியே ஓடியது. நான் எதையும் பிரித்துப் படித்தவளில்லை. ஆனால் பார்சலை நீட்டும்போது பெவன் முகம் போகிற போக்கைப் பார்க்க நான் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் கேட்டில் நின்று ஒரு கவரை என் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு உடனே பிடுங்கிக்கொண்டார். மறுபடி கொடுத்தார், மறுபடி வாங்கிக்கொண்டார்.

"என்னய்யா இது, ஜவ்வு மிட்டாயா? விட்டுத் தொலையேன்!"

"நெரி, உங்கிட்ட சொன்னா என்ன. ஈஸ்டருக்குள்ள வண்டி தயாராயிடும். அதுலயே ஏறி உங்களைப் பாக்க வரலாமான்னு ஐவி அம்மாவைக் கேட்டு எழுதியிருக்கேன். வான்னு சொன்னா போறேன்."

"வேணாம்னு சொன்னா?"

"வேணாம்னு சொன்னா வண்டியத் துடைச்சு மூடி வெச்சிடுவேன்" என்றார். காது கேட்காதவர்கள் மெதுவாகப் பேசி நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் மெதுவாகத்தான் பேசினார்.  கவரை அவர் கையிலிருந்து நானே பிடுங்கி, பையில் போட்டு, தபால் வண்டியை எடுத்துவிட்டேன்.

ஆக இரண்டு வேலை பாக்கி. அந்தப் பக்கத்திலிருந்து பதில் வர வேண்டும், இந்தப் பக்கம் டேங்க் சரியாக வேண்டும். எஞ்சின், சக்கரம், விளக்கு எல்லாம் தயார். டேங்க் மட்டும் உள்ளே முழுக்கத் துரு. குலுக்கினால் தேயிலைத் தூள் மாதிரி கொட்டும். அதில் பெட்ரோல் ஊற்றினால் பத்து மைல் போவதற்குள் துரு இறங்கி அடைத்துக்கொண்டு வண்டி நின்றுவிடும். ஸ்டான்தோர்ப் எங்களிடமிருந்து ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.

முதலில் வினிகர் ஊற்றி இரண்டு வாரம் வைத்தார். டேங்கில் துரு அப்படியே இருந்தது, கொட்டகை மட்டும் மீன் வறுவல் கடை மாதிரி மணத்தது. அப்புறம்தான் எங்கள் ஊர் வைத்தியத்துக்கு வந்தார். மொலாசஸ். சர்க்கரையெல்லாம் எடுத்தபின் ஆலையில் கடைசியாக மிஞ்சுகிற கறுப்புப் பாகு. மாட்டுத் தீவனக் கடையில் டிரம்மில் கிடைக்கும். ஒரு பங்கு பாகுக்கு எட்டுப் பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி மூன்று வாரம் பேசாமல் விட்டால் துருவை மட்டும் தின்றுவிட்டு இரும்பை விட்டுவிடும். எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், எங்கள் ஊரில் கலப்பையிலிருந்து கேட் கீல்வரை எல்லாம் அதில் ஊறி எழுந்தவைதான்.

பெட்ரோல் இறங்கும் ஓட்டையை ஒயின் பாட்டில் தக்கையால் அடைத்து, பாகை ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி வைத்துவிட்டார். எங்கள் வெக்கையில் மொலாசஸ் தண்ணீர் புளித்துப் பொங்கும் என்று கரும்பு ஊரில் பிறந்த பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆலையில் நாற்பது வருடம் இருந்த மனிதருக்கு அந்த நேரத்தில் நினைவு வரவில்லை. மனசு ஸ்டான்தோர்ப்பில் இருந்தால் எப்படி வரும்? மூன்றாம் நாள் மத்தியானம் மூடி பிய்த்துக்கொண்டு போய்க் கொட்டகையின் தகரக் கூரையில் அடித்தது. பெவனுக்கே கேட்டதாம்.

அதற்கப்புறம் மூடி போடாமல், வாயில் ஒரு துணித் துண்டை வைத்து ரப்பர் பேண்டு மாட்டினார். கொட்டகை வாசலில் இருந்த டேங்க்கைத் தேடி சாம் மஸ்கட்டின் மாடுகள் வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்து நக்க ஆரம்பித்தன. மாட்டுக்கு மொலாசஸ் என்றால் உயிர். பத்து நாள் கழித்து இரண்டாம் தடவை வந்தபோது ஒரு மாடு டேங்க்கை உருட்டியே விட்டது. பெவன் பார்த்தார். மாட்டு நாக்குக்கு எட்டாத உயரம் அவர் நிலத்தில் ஒன்றே ஒன்றுதான், கேட் கம்பம். ஒரு செவ்வாய்க்கிழமை டேங்க்கைத் தூக்கிக் கம்பத்தின் தலையில் உட்கார வைத்து, கம்பி போட்டுக் கட்டி, பாகை நிரப்பிவிட்டார்.

இதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும். அதற்கு முதல் நாள், திங்கட்கிழமை, நான் அவரிடம் கடைசியாக ஒரு மிரட்டல் விட்டிருந்தேன். "புதன்கிழமைக்குள்ள பெட்டி வெக்கலேன்னா உன் லெட்டர் எல்லாம் டவுன் ஆபீஸ்லதான் கிடக்கும். நீ போய் வாங்கிக்க!"

புதன்கிழமை வந்தேன். வழக்கமாகக் கேட்டில் காத்து நிற்பவர் அன்றைக்கு இல்லை, காது டாக்டரைப் பார்க்க டவுனுக்குப் போயிருந்தார். கம்பத்தின் மேல் அழகாக ஒரு மோட்டார் சைக்கிள் டேங்க் உட்கார்ந்திருந்தது. அடேயப்பா, கடைசியில் என் வாய்க்குப் பயந்துவிட்டார் மனிதர் என்று எனக்கு ஒரே பெருமை. மழைத் தண்ணீர் போகாமல் டேங்க் வாய்க்குத் துணி வேறு. என்ன அக்கறை என்று மெச்சிக்கொண்டேன்.

பையில் அன்றைக்கு அவருக்கு ஒரே ஒரு கடிதம். ஸ்டான்தோர்ப் முத்திரை, ஐவி கையெழுத்து. கையில் எடுத்ததுமே மெல்லிசு என்று தெரிந்தது. ஒரே ஒரு தாள்தான் இருக்கும்.  ஜன்னலிலிருந்து பாதி உடம்பை நீட்டி எட்டி, துணியை விலக்கி, பால் கேனில் போடுவது மாதிரியே கடிதத்தைச் சுருட்டி வாயில் விட்டு, உள்ளே நழுவவிட்டு, துணியை மறுபடி சரியாக மூடினேன். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ரேடியோவும் அலறியது, உள்ளே என்ன சத்தம் வந்ததோ தெரியாது. இரண்டு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனேன்.

வெள்ளிக்கிழமை கேட்டில் நின்றிருந்தார்.

"ஏதாச்சும் வந்துச்சா நெரி?"

"ஏதாச்சுமா? நீ படிச்சியா இல்லியா? என்னதான் சொல்லுது அந்தம்மா?"

"என்ன?"

"லெட்டருய்யா! ஐவி லெட்டர்! புதன்கிழமையே போட்டேனே!"

"வரலியே."

"வராம என்ன? இந்தக் கையால நான்தான் போட்டேன். உன் புதுப் பெட்டியில!"

"எந்தப் பெட்டி?"

கையைக் காட்டினேன். பெவன் டேங்க்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி டேங்க்கைப் பார்த்தார்.

"அம்மணி, அது டேங்க்."

"டேங்க்னு எனக்கும் தெரியுது. மஸ்கட் வீட்டுல மைக்ரோவேவ் இருக்கு, உன் வீட்டுல டேங்க் இருந்தா ஆகாதா?"

"உள்ள மொலாசஸ் இருக்கு" என்றார்.

 வண்டியை விட்டு இறங்கி, துணியை எடுத்து உள்ளே விரலை விட்டேன். இரண்டாம் கணு வரை கறுப்பாக வந்தது. புளித்த வாடை மூக்கைத் தூக்கியது. என் இருபத்திரண்டு வருடமும் அந்த விரலிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. இரண்டு எறும்பு வேறு ஏறி வந்தன.

"ஐயையோ பெவன்! என் கண்ணு அவிஞ்சு போச்சா? நாசமாப் போக நான்!" என்று வாய்க்கு வந்தபடி என்னையே திட்டிக்கொண்டேன். அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. நேராகப் போய்க் கம்பியை அவிழ்க்க ஆரம்பித்தார்.

டேங்க்கைக் கொட்டகை மேசையில் வைத்துத் தக்கையைப் பிடுங்கினோம். பாகுத் தண்ணீர் முழுக்க வாளியில் இறங்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால், சும்மா சொல்லக் கூடாது, உள்ளே துரு முக்காலே மூணு வீசம் போயிருந்தது. வெறும் சாம்பல் நிற இரும்பு. கடிதம் மட்டும் கண்ணில் படவில்லை. அந்த மாதிரி டேங்க்குக்கு அடியில் வண்டியின் முதுகெலும்பில் உட்காருவதற்காக ஒரு மேடு இருக்கும். அந்த மேட்டைத் தாண்டி முன்பக்கத்துப் பள்ளத்தில் போய் அது ஒட்டிக்கொண்டிருந்தது. வேலிக் கம்பியை வளைத்து விட்டோம், என் சமையல் இடுக்கியை விட்டோம். ஸ்டாம்பு ஒட்டிய மூலை மட்டும் பிய்ந்து வந்தது. மீதி அசையவில்லை.

"நான் அந்தம்மாவுக்கு இப்பவே போன் போடுறேன். தப்பு என்னுது. நானே கேட்டுடறேன்" என்றேன். பார்சல் சீட்டுகளில் அவர் நம்பர் இருந்தது.

"வேணாம்!" என்று பெவன் சத்தம் போட்டார். "என்னன்னு கேப்பே? உங்க லெட்டரைப் பாகுல ஊறப் போட்டுட்டோம், என்ன எழுதியிருந்தீங்கன்னா? அந்தம்மா 'வேணாம்'னு எழுதியிருந்தா? அதை எழுதறதுக்கே எவ்வளவு சங்கடப்பட்டாங்களோ. ரெண்டாம் தடவை வாயால வேற சொல்ல வெக்கணுமா? நான் கிளம்பறவரைக்கும் நீ போனைத் தொடக் கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன்.

எங்கள் கூச்சல் கேட்டு சாம் மஸ்கட் வந்தான். மாடு மறுபடி ஏதாவது செய்துவிட்டதா என்று பார்க்க வந்தவன் விஷயத்தைக் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் சிரித்தான். சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதுக்கா மண்டைய உடைச்சுக்கறீங்க? வண்டியில கட்டிங் மிஷின் இருக்கு. டேங்க்கு அடியில ஒரு ஜன்னல் வெட்டினா லெட்டர் முழுசா வந்துடும்" என்றான்.

"அப்புறம் டேங்க்?"

"வெல்டிங் வெக்கணும். கோடு விடும், ஒழுகும், திரும்ப வெக்கணும். ஈஸ்டருக்குள்ள ஆகாது பெரிசு. ஆனா லெட்டர் கிடைக்கும்."

"அப்ப டேங்க்க அப்படியே வெச்சிட்டு, லெட்டரை மெதுவாக் காய விட்டு எடுத்தா என்ன?" என்று நான் கேட்டேன்.

பெவன் தலையாட்டினார். டேங்க்குக்குள் விரலை விட்டு எடுத்து என்னிடம் காட்டினார். நுனியில் லேசாக ஆரஞ்சு நிறம். பாகை வடித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர்க் காற்றில் அவ்வளவு ஈரம். சுத்தமான இரும்பு காற்றைப் பார்த்ததும் புதுத் துரு பூக்க ஆரம்பித்துவிடும். உடனே கழுவி, தேய்த்து, காயவைத்து, எண்ணெய் காட்டினால்தான் பிழைக்கும். விட்டால் மறுபடி மொலாசஸ், மறுபடி மூன்று வாரம். ஈஸ்டருக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. கழுவினால் கடிதம் கூழாகிவிடும்.

மூன்று பேரும் டேங்க்கைப் பார்த்துக்கொண்டு நின்றோம். சாம் முகத்தில்கூடச் சிரிப்பு இல்லை.

"பெவன், வெட்டிடு" என்றேன் நான். "வான்னு எழுதியிருந்தா பஸ்ஸுல போ. வேணாம்னு எழுதியிருந்தா இந்த டேங்க் எதுக்கு உனக்கு? தெரிஞ்சுக்காம ஆயிரம் கிலோமீட்டர் போய் நின்னு அவமானப்படணுமா? வேணாம்யா, எனக்குத் தாங்காது."

பெவன் கையில் ஒட்டிய பாகைக் கால்சட்டையில் துடைத்தார்.

"பஸ்ஸுல வரேன்னு நான் எழுதல நெரி. இந்த வண்டியில கால்வாசி அந்தம்மா அனுப்புனது. ஒவ்வொரு சாமானையும் துடைச்சு, துணி சுத்தி அனுப்புனாங்க. ஓடுதுன்னு காட்டவாவது போகணும். வேணாம்னா முகத்துக்கு நேரா சொல்லட்டும்" என்றார். பிறகு அவருக்கே ஒரு சிரிப்பு வந்தது. "எப்படியும் எனக்குக் காது கேக்காது."

சாமைப் பார்த்துத் திரும்பினார். "தண்ணியத் திற."

அதற்கப்புறம் பேச நேரமில்லை. ஹோஸ் தண்ணீர் பாய்ந்தது. பழைய சைக்கிள் சங்கிலி ஒன்றும் இரண்டு கைப்பிடி நட்டுகளும் டேங்க்குக்குள் போயின. வாயை அடைத்து, டேங்க்கைக் கிழிந்த மெத்தை விரிப்பில் சுற்றி, சாமின் டிராக்டருடைய பின்சக்கரத்தில் கார் பெல்ட்டுகளால் இறுக்கிக் கட்டினோம். அவன் முதல் கியரில் மேய்ச்சல் நிலத்தைச் சுற்ற ஆரம்பித்தான். சக்கரம் உருள உருள டேங்க்கும் உருண்டது. உள்ளே சங்கிலியும் நட்டுகளும் சரக் சரக்கென்று சுவரைச் சுரண்டின. தீவனம் வருகிறது என்று நினைத்து மாடுகள் எல்லாம் டிராக்டர் பின்னாலேயே வரிசையாக நடந்தன. நானும் பெவனும் மாடுகளுக்குப் பின்னால் நடந்தோம். தபால் வண்டி மூன்று வீட்டுக் கடிதங்களோடு கேட்டில் நின்றது. அன்றைக்கு என் கடமை அந்த லட்சணத்தில் இருந்தது.

எட்டுச் சுற்று முடிந்து அவிழ்த்துக் கவிழ்த்தபோது சங்கிலி விழுந்தது, நட்டுகள் விழுந்தன. கடைசியில் பழுப்பாக, ஓட்ஸ் கஞ்சி மாதிரி கொஞ்சம் கூழ் வழிந்தது. அதில் ஒரு எழுத்துகூட இல்லை. பெவன் அதைப் பார்க்காமல் ஹோஸைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் பார்த்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சாம் பக்கத்தில் இருந்ததால் மூக்கைச் சிந்துவது போல் சமாளித்தேன்.

பிறகு தண்ணீரை விரட்ட இரண்டு பாட்டில் ஸ்பிரிட் ஊற்றிக் குலுக்கி வடித்தோம். அதை வெயிலில் ஆறவிட்டு, வாடை அடங்கியபின், என் ஹேர் டிரையரை வீட்டிலிருந்து கொண்டுவந்து வாயில் வைத்து அரை மணி நேரம் ஊதினேன். என் தலைக்குக்கூட நான் அவ்வளவு நேரம் ஊதியதில்லை. கடைசியாக டூ-ஸ்ட்ரோக் ஆயில் கொஞ்சம் விட்டு எல்லாப் பக்கமும் புரட்டினார் பெவன். டார்ச் அடித்தால் உள்ளே வெள்ளிக் கிண்ணம். ஒரு பொட்டுத் துரு இல்லை.

"பாத்தியா நெரி!" என்றார். அந்த முகத்தைப் பார்த்து என்ன சொல்வது? அருமையா இருக்குய்யா என்றேன்.

பெரிய வெள்ளிக்கு முதல் நாள், வியாழக்கிழமை காலை, ஊரே கேட்டில் நின்றது. ஊர் என்றால் ஏழு பேரும் சாமின் மாடுகளும். பெவன் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். முடி வெட்டியிருந்தார். இரண்டாம் உதையில் வண்டி பிடித்தது. முப்பது மைல் வேகத்தில் போனால் சனிக்கிழமை மாலைக்குள் சேர்ந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டு, கையை ஆட்டிக்கொண்டு, சாலை வளைவில் மறைந்தார். பின்னால் கட்டியிருந்த பெட்டியில் அன்னாசிப்பழம் இரண்டு எட்டிப் பார்த்தது.

அன்றைக்கும் அடுத்த நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. வேணாம் என்று எழுதியிருந்தால்? மெல்லிசுக் கவர், ஒரே தாள். மூன்று வருடமாகக் கட்டுக்கட்டாக எழுதியவர், வாங்க என்று சொல்வதென்றால் ஒரே தாளிலா சொல்வார்?  வாசலிலேயே நிற்க வைத்து அனுப்பிவிட்டால் அந்த மனிதர் மறுபடி ஆயிரம் கிலோமீட்டர் எப்படித் திரும்பி வருவார்? கிளம்புகிறவரை போனைத் தொடக் கூடாது என்றுதான் சத்தியம். அவர்தான் கிளம்பிவிட்டாரே. சனிக்கிழமை காலை பார்சல் சீட்டைத் தேடி எடுத்து நம்பரைப் போட்டேன்.

"லாக்கெட் உதிரிபாகம்" என்றது ஒரு குரல். கரகரப்பான குரல், அவசரமில்லாத குரல்.

"அம்மா, நான் ஹாலிகன் சாலைத் தபால்காரி. நெரிடா. பெவனுக்கு நீங்க போட்ட லெட்டர் விஷயமா..."

 நான் நிறுத்தினால் தைரியம் போய்விடும் என்று மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டினேன். கம்பம், டேங்க், மொலாசஸ், டிராக்டர், கூழ். தப்பு என்னுடையது, அவர் மேல் ஒன்றுமில்லை, இருபத்திரண்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை, மேலதிகாரிக்கு எழுத வேண்டுமென்றால் விலாசம் தருகிறேன் என்றேன்.

"அப்ப அவர் அதைப் படிக்கலியா?"

"ஒரு எழுத்துகூடப் படிக்கலம்மா. சாயங்காலம் உங்க வாசல்ல வந்து நிப்பாரு. வியாழக்கிழமையே கிளம்பிட்டாரு."

அந்தப் பக்கம் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. 

"வராதீங்கன்னு எழுதியிருந்தேன்" என்றார் அந்த அம்மாள்.

 சமையல் மேசையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மூணு வருஷமா லெட்டர்ல நல்லா பேசிட்டேன். லெட்டர்ல யாருக்கும் முட்டி வலி கிடையாது, கோவம் கிடையாது, வீடு குப்பையாக் கிடக்காது. நேர்ல வந்து பாத்துட்டு, இவ்வளவுதானான்னு அவர் முகம் போச்சுன்னா என்னால தாங்க முடியாது. அதனால எழுதிட்டேன். பெட்டியில போட்ட நிமிஷமே மனசு மாறிடுச்சு. போஸ்ட் ஆபீசுக்கு ஓடி, திருப்பிக் குடுன்னு கேட்டேன். அந்தப் பொண்ணு போட்டது போட்டதுதான், எடுக்க முடியாதுன்னுட்டா. மாத்தி எழுத வெக்கமாப் போச்சு, போன்ல சொன்னா அவருக்குக் கேக்காது."

"ஆமாம்மா, அதுதான் சட்டம்" என்றேன். அந்த நேரத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஒரு நாள் தவறாம வேண்டிக்கிட்டேன், அது போய்ச் சேரக் கூடாதுன்னு. எவளோ ஒருத்தி தொலைச்சுடணும்னு." அவர் குரல் உடைந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை, இரண்டும்தான் போலிருக்கிறது. "ஐயோ, சாயங்காலமா? வீடு கிடக்கிற கோலத்தைப் பாரு. என் தலையப் பாரு. ஏம்மா, அவர் கிட்ட மட்டும் இதைச் சொல்லிடாதீங்க. நான் என்ன எழுதினேன்னு அவருக்குத் தெரியவே கூடாது. அந்த லெட்டர்ல என்ன இருந்துச்சுன்னு யாராவது கேட்டா..."

என் கண்ணெல்லாம் தண்ணீர். 

"எந்த லெட்டரும்மா?" என்றேன்.